விவாத இழை: கொடை மேடையில் நிற்கிறவர்களின் கையில் காப்பீட்டு அட்டை வந்து சேர என்ன வழி?

வீசுகோல் எழுதியது:

போன வைகாசியில் நாங்குநேரிக்குத் தெற்கே ஓர் ஊரில் அம்மன் கொடைக்கு, அதாவது கோவில் திருவிழாவுக்கு, எங்கள் வில்லுப்பாட்டு செட்டு போயிருந்தது. நள்ளிரவுப் பூசையான சாமக்கொடைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. குடம் அடிக்கிற அண்ணாச்சி குடத்தைத் தட்டுகிற பத்தியைக் குடத்தின் மேல் வைத்துவிட்டு, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே பந்தல்காலில் சாய்ந்துவிட்டார். அவருக்குக் குடலிறக்கம் இருப்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நான்கு வருடமாக வேட்டிக்கு உள்ளே ஒரு துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரவெல்லாம் குடம் அடித்துக்கொண்டிருந்தவர் அவர். அன்றைக்குக் குடல் உள்ளே திரும்பவில்லை.

பக்கத்து ஊரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இல்லை என்றதும் 30,000 ரூபாய் கட்டச் சொன்னார்கள். கொடைக்காரர்கள் நல்லவர்கள், பாட்டு முடியாமலேயே பாக்கிச் சம்பளத்தை எண்ணிக் கொடுத்தார்கள். அதைச் சேர்த்தும் பாதி தேறவில்லை. விடியற்காலை 108இல் ஏற்றிப் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய், அங்கே அறுவை சிகிச்சை நடந்து பிழைத்தார். மூன்று மாதம் பாரம் தூக்கக்கூடாது என்று சொல்லிவிட்டதால் ஆடிக்கொடை முழுவதும் அவர் வீட்டில் இருந்தார்.

நான் கேட்க வருவது, அவரிடம் ஏன் அட்டை இல்லை என்பதைத்தான். அவர் முயலாமல் இல்லை. அவர் ஊரில் முகாம் போட்ட நாள் சித்திரை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று நாங்கள் திசையன்விளைப் பக்கம் கொடையில் இருந்தோம். இரண்டாவது தடவை கிராம நிர்வாக அலுவலர் வேறு பணியில் இருந்தார். மூன்றாவது தடவை, குடும்ப அட்டையில் இறந்துபோன தகப்பனாரின் பெயர் இன்னும் நீக்கப்படவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அட்டை வழங்குகிற நாளும் நாங்கள் ஊரில் இருக்கிற நாளும் ஒன்றாக வருவதே இல்லை. மேளக்காரர், கரகாட்டக்காரர், கணியான் கூத்துக்காரர், நாதஸ்வரக்காரர் எல்லோருக்கும் இதே கதைதான் என்று நினைக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் எழுத வேண்டும்.

கொக்கிரகுளம் எழுதியது:

நான் வருவாய்த்துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் திட்டத்தைப் பற்றிச் சில செய்திகளைத் தெளிவாக்கிவிடுகிறேன். டீக்கடையில் பேசப்படுவதில் பாதி பழைய கணக்கு.

2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் தொடங்கப்பட்டபோது ஒரு குடும்பத்துக்கு நான்கு ஆண்டுகளுக்குச் சேர்த்து 1 லட்சம் ரூபாய் என்பதே வரம்பு. 2012 ஜனவரியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்த பிறகு ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்று ஆனது. வருமான வரம்பு நெடுங்காலம் ஆண்டுக்கு 72,000 ரூபாயாக இருந்து, 2022 முதல் 1,20,000 ரூபாயாக உயர்ந்தது. 72,000 என்று சொல்லி யாராவது உங்களைத் திருப்பி அனுப்பியிருந்தால் மறுபடியும் விண்ணப்பியுங்கள்.

குடும்பம் கட்ட வேண்டிய பிரீமியம் எதுவும் கிடையாது. குடும்ப அட்டை, குடும்பத்தார் ஆதார், கிராம நிர்வாக அலுவலர் தரும் வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். முகாமுக்காகக் காத்திருக்க வேண்டும் என்பது விதியே அல்ல. முகாம் ஒரு வசதி, அவ்வளவுதான்.

வருமானச் சான்றில்தான் கலைஞர்களுக்கு வினை வருகிறது. "ஒரு கொடைக்கு என்ன வாங்குகிறீர்கள்?" என்று அலுவலர் கேட்பார். நம்மவர் கொஞ்சம் பெருமையோடு, "இரவுக்கு 1,500 ரூபாய்" என்பார். அலுவலர் மனசுக்குள் அதை முப்பதால் பெருக்கி மாதம் 45,000 என்று எடுத்துக்கொள்வார். ஐம்பது இரவு பாடினால்தான் ஆண்டுக்கு 75,000 வரும் என்பதும், அதில் வேன் வாடகைப் பங்கும் ஒப்பனைச் செலவும் போகும் என்பதும் அவருக்குத் தெரிய வழியில்லை. ஆகவே இரவுக் கூலியைச் சொல்லாதீர்கள். ஆண்டில் எத்தனை இரவு, மொத்தம் எவ்வளவு என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். நான் பணியில் இருந்தபோது அப்படி ஒரு தாளைக் கொண்டுவந்தவர்களை ஒருபோதும் அலையவிட்டதில்லை. மற்றவர்களை அலையவிட்டிருக்கிறேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்று. அரசு மருத்துவமனையில் அட்டை இல்லாவிட்டாலும் சிகிச்சை இலவசம்தான். உங்கள் குடத்துக்காரருக்குக் கிடைத்தது அதுதான். ஆனால் அங்கேயும் அட்டை இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்வார்கள், ஏனென்றால் காப்பீட்டுத் தொகை மருத்துவமனைக்கு வரும். அட்டையின் உண்மையான பயன், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையின் கதவு நள்ளிரவில் திறப்பதில்தான் இருக்கிறது. போன இடம் திட்டத்தில் சேர்ந்ததுதானா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முக்கூடல் கரகம் எழுதியது:

கொக்கிரகுளம் ஐயா சொன்னது ஆண்களுக்குச் சரி. எங்களைப் போன்ற பெண்களுக்குக் குடும்ப அட்டையே முதல் மதில்.

எனக்குப் பதினாறு வயதில் தலையில் கரகம் தூக்கி வைத்தார்கள், இப்போது நாற்பத்தொன்று. கணவர் விட்டுவிட்டுப் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது, ஆனால் என் பெயர் அவருடைய குடும்ப அட்டையில்தான் கிடந்தது. அந்த அட்டையை வைத்து அவர் காப்பீடு எடுத்திருக்கிறார். அதாவது கணினியில் நான் ஏற்கெனவே காப்பீடு பெற்றவள். என் கையில் ஒன்றும் இல்லை. பெயரை நீக்கித் தனி அட்டை வாங்க எட்டு மாதம் ஆனது. அதற்கு அவர் கையெழுத்தும் தேவைப்பட்டது, அவரைக் கண்டுபிடிப்பதே ஒரு பெரிய கதை. எங்கள் குழுவில் என்னைப் போல மூன்று பேர் இருக்கிறார்கள். திருநங்கையர் இருவரின் பெயர் பிறந்த வீட்டு அட்டையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது, புதிய அட்டை இன்னும் வரவில்லை.

இந்தப் பன்னிரண்டு வருடமும் என்னைக் காப்பாற்றியது என் அம்மாவின் பீடி அட்டைதான் என்று சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் பக்கத்தில் ஆடுகிற வீடுகளில் பாதி பீடி சுற்றுகிற வீடுகள்தாம். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை வைத்திருப்பவர்களுக்கும் அவர்களைச் சார்ந்தவர்களுக்கும் முக்கூடல் மருத்துவமனையில் வைத்தியம் உண்டு. காய்ச்சல், வயிற்றுவலி எதுவானாலும் அம்மாவின் மகளாகத்தான் நான் அங்கே போய் நின்றிருக்கிறேன். கலைஞராகப் போய் நிற்க எனக்கு ஓர் இடம் இருந்ததில்லை.

முதலமைச்சர் காப்பீடு பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் பயன்படும் என்பதையும் யாராவது சொல்லியாக வேண்டும். எனக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. சிமெண்ட் தரையில், வெறுங்காலில், தலையில் பாரத்தோடு இருபத்தைந்து வருடம் ஆடினால் போகாமல் என்ன செய்யும்? ஊசி, மாத்திரை, முட்டிக்கு உறை என்று மாதா மாதம் ஆகிற செலவு அந்தக் காப்பீட்டில் வராது. முட்டி முழுதாகத் தேய்ந்து மாற்று அறுவை சிகிச்சை செய்தால் வரும். அதுவரை தேய விட வேண்டும் என்பதுதான் இதன் பொருள்.

பாளை கணக்கர் எழுதியது:

அக்கா சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க முடியாது. வெளிநோயாளிச் செலவை ஏற்கும் தனியார் பாலிசிகள் சில உண்டு. அவற்றின் பிரீமியம் நம் கைக்கு எட்டாது. அரசு ஆரம்ப சுகாதார நிலையமும், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவமும்தான் அதற்கு இப்போதைக்கு வழி. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரையை வீட்டிலேயே கொண்டுவந்து தருகிறார்கள். கொடைக்குப் போகிற மாதங்களுக்கு முன்கூட்டியே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

நான் பாளையங்கோட்டையில் காப்பீட்டு முகவர். 1,20,000 ரூபாய் வருமான வரம்பைத் தாண்டிய கலைஞர்களும் இருக்கிறார்கள். கேரளத்துக் கோவில்கள் வரை போகிற நாதஸ்வரக்காரர்கள், வெளிநாடு போய் வந்த மேளக்காரர்கள் எல்லாம் இலவச அட்டைக்கு மேலே, நல்ல பாலிசிக்குக் கீழே நடுவில் நிற்கிறவர்கள். அவர்களுக்காகச் சில வார்த்தைகள்.

2020 ஏப்ரல் முதல் ஆரோக்கிய சஞ்சீவனி என்ற பெயரில் எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி விதிகளோடு ஒரு பாலிசி விற்க வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் வைத்திருக்கிறது. ஒவ்வொரு கோரிக்கையிலும் 5 சதவீதம் நம் கையிலிருந்து போகும். தனிநபர் மருத்துவப் பாலிசிகளுக்கு 18 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. 65 வயதுக்கு மேல் புதிதாகச் சேர முடியாது என்ற பழைய தடையும் 2024இல் நீங்கிவிட்டது. இவையெல்லாம் நல்ல செய்திகள்.

கெட்ட செய்தி, காத்திருப்புக் காலம். வீசுகோல் அண்ணாச்சியின் குடத்துக்காரரையே எடுத்துக்கொள்வோம். அவர் போன தை மாதம் ஒரு பாலிசி வாங்கியிருந்தாலும் வைகாசியில் ஒரு பைசா வந்திருக்காது. குடலிறக்கம், கண்புரை போன்றவற்றுக்கு இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் நோய் என்றால் மூன்று ஆண்டுகள் வரை. அந்த மூன்று ஆண்டும் பாலிசி அறுபடாமல் ஓட வேண்டும். அங்கேதான் கலைஞர்கள் தவறி விழுகிறார்கள். முகவர் ஒருவர் புரட்டாசியில் வீட்டுக்கு வந்து பேசுவார், அப்போது வாங்குவார்கள். அடுத்த புரட்டாசியில் கையில் காசு இருக்காது. ஆண்டுப் பிரீமியத்துக்கு முப்பது நாள் அவகாசம் உண்டு. அதுவும் தாண்டினால் பாலிசி போய்விடும், காத்திருப்பு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். மாதத் தவணை இன்னும் மோசம், அவகாசம் பதினைந்தே நாள்.

நான் என் வாடிக்கையாளர்களுக்குச் சொல்வது இதுதான்: பாலிசியை வைகாசி கடைசியிலோ ஆடிக்கொடை முடிந்த கையோடோ தொடங்குங்கள். ஆண்டு தோறும் புதுப்பிக்கிற நாளும் அதுவாகவே வரும், அந்த நாளில் வீட்டில் பணம் இருக்கும். ஒரு மேளக்காரர் ஆறு வருடமாக அறுபடாமல் கட்டி வருவதற்கு இந்த ஒரே காரணத்தைத்தான் சொல்ல முடியும்.

தவில்வீடு எழுதியது:

என் தகப்பனார் தவில்காரர், நானும் அப்படியே. விரலில் கூடு கட்டி அடிக்கிறோம், அது காப்பது விரலை மட்டும். நாங்கள் பெரிதும் பயப்படுவது நோய்க்கு அல்ல, வேனுக்குத்தான். மேளம், கரகம், நையாண்டி எல்லாம் ஒரே வேனில் ஏறி, கொடை முடிந்து விடியற்காலை மூன்று மணிக்கு அடுத்த ஊருக்குப் புறப்படும். ஓட்டுநரும் இரவெல்லாம் விழித்திருந்தவர்தான். வள்ளியூர் நான்குவழிச் சாலையில் அந்த நேரத்துக்கு வேனில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

ஆகையால் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு செய்திகள். தமிழ்நாட்டுச் சாலையில் விபத்து நடந்தால் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சையை அரசே ஏற்கும் இன்னுயிர் காப்போம் திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. தொடக்கத்தில் 1 லட்சம் ரூபாய், பிறகு 2 லட்சம் ரூபாய் வரை. இதற்குக் காப்பீட்டு அட்டை, வருமானச் சான்று, குடும்ப அட்டை எதுவுமே தேவையில்லை. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இது செல்லும். இரண்டாவது, வங்கிக் கணக்கு உள்ள யாரும் ஆண்டுக்கு 20 ரூபாயில் எடுக்கக்கூடிய பிரதமரின் சுரக்ஷா விபத்துக் காப்பீடு. இறந்தாலோ முழுதாக ஊனமானாலோ 2 லட்சம், பகுதி ஊனத்துக்கு 1 லட்சம். 70 வயது வரைக்கும் செல்லும். இது மருத்துவச் செலவைத் தராது. ஆனால் ஒரு தவில்காரரின் கை போனால் வீட்டுக்கு ஏதோ ஒன்று வரும். அந்த 20 ரூபாய் மே மாதக் கடைசியில் கணக்கிலிருந்து எடுக்கப்படும். நமக்குச் சித்திரை, வைகாசிக் காசு வங்கியில் இருக்கிற நேரம் அது. கையில் ரொக்கமாக வைத்துச் செலவழித்துவிட்டு, கணக்கில் 20 ரூபாய் இல்லாமல் காப்பீடு நின்றுபோனவர்களை எனக்குத் தெரியும்.

நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டையைக் காட்டினால் மருத்துவமனையில் சேர்த்துக்கொள்வார்கள் என்று நம் ஆட்களில் பலர் நம்புகிறார்கள். 2007இல் அமைந்த அந்த வாரியம் பிள்ளைகளின் படிப்புக்கும் திருமணத்துக்கும், மூக்குக் கண்ணாடிக்கும், இறந்தவர் குடும்பத்துக்கும் உதவித்தொகை தருகிறது. அது வேறு, காப்பீடு வேறு. என் மாமா ஒருவர் வாரிய அட்டையை நீட்டிக்கொண்டு ஒரு மருத்துவமனை வாசலில் அரை மணி நேரம் வாதாடினார்.

மகுடம் எழுதியது:

கணியான் கூத்துக்காரர்களைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை, ஆகவே நானே எழுதுகிறேன்.

சுடலைமாடசாமி கொடையில் கைவெட்டு என்று ஒரு சடங்கு உண்டு. எங்களில் ஒருவர் கையைக் கீறி இரத்தம் கொடுக்க வேண்டும். இன்றும் சில கோவில்களில் இது நடக்கிறது. என் அண்ணனின் இடது முன்கையில் முப்பதுக்கும் மேற்பட்ட தழும்புகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஓர் ஊர். ஒரு வருடம் அந்தக் காயம் சீழ்பிடித்துப் பத்து நாள் மருத்துவமனையில் கிடந்தார். அவரிடம் அப்போது ஒரு தனியார் பாலிசி இருந்தது. தானாக ஏற்படுத்திக்கொண்ட காயத்துக்கு இழப்பீடு கிடையாது என்று எழுதி அனுப்பினார்கள்.

தானாகவா? ஊர் கூடிக் கேட்டதற்காக, ஊர் முன்னால் வெட்டியது. மேளத்துக்கும் மாலைக்கும் எழுதுகிற கொடைக் கணக்கில் அதற்கும் ஒரு தொகை எழுதியிருப்பார்கள். முகவர் நண்பர் இதற்கு என்ன சொல்கிறார்?

பாளை கணக்கர் எழுதியது:

சொல்ல ஒன்றுமில்லை, அண்ணாச்சி. பல பாலிசிகளில் அந்த விதி இருக்கிறது, அதை எழுதியவர்கள் தற்கொலை முயற்சியை நினைத்து எழுதினார்கள். சடங்கு அவர்கள் நினைவில் இல்லை. காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிட்டிருக்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் வெல்லும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. உடனே செய்யக்கூடியது ஒன்று: புதிய பிளேடு, கொடைக்கு முன்பே டிடி என்கிற இரணஜன்னித் தடுப்பூசி, மறுநாள் காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டு. இதை ஊர்க்காரர்களே ஏற்பாடு செய்ய வேண்டும் என்று வெற்றிலை வாங்கிக் கொடையை ஒப்புக்கொள்ளும்போதே பேசிவிட வேண்டும்.

வீசுகோல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒரு யோசனை மனசில் ஓடுகிறது, சரியா என்று சொல்லுங்கள்.

முக்கூடல் அக்கா பீடி அட்டையைப் பற்றி எழுதியதிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பீடிக்காரர்களுக்கு மருத்துவமனை எப்படி வந்தது? 1976இல் சட்டம் போட்டு, தயாராகிற பீடியின் மேல் ஒரு தீர்வை வைத்து, அந்தப் பணத்தில் வந்தது. கட்டடத் தொழிலாளர் வாரியத்துக்கும் கட்டுமானச் செலவில் 1 சதவீதம் போகிறது. அதாவது வேலை நடக்கிற இடத்திலேயே ஒரு சிறு துண்டு தொழிலாளியின் உடம்புக்கென்று ஒதுக்கப்படுகிறது. நம் ஊரில் கொடைக்கு வரி ஏற்கெனவே இருக்கிறது! தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று பிரித்துத்தான் பந்தலும் மேளமும் வில்லும் வைக்கிறார்கள். அந்த வரிக் கணக்கில் கலைஞர் காப்பீடு என்று ஒரே ஒரு வரி கூடுதலாக எழுதக்கூடாதா? ஆளுக்கு இரவொன்றுக்கு 50 ரூபாய் என்றால் ஏழு பேர் கொண்ட வில்லுக்கு 350 ரூபாய். ஒருவர் நாற்பது இரவு பாடினால் அவர் பெயரில் 2,000 ரூபாய் சேரும். எல்லாச் செட்டுகளும் சேர்ந்து ஒரு சங்கமாக அதை ஒரே இடத்தில் வைத்துக் குழுக் காப்பீடு எடுக்கலாம்.

ஊர்க்கணக்கு எழுதியது:

நான் ஆலங்குளம் பக்கம் ஒரு கோவிலில் கொடைக் கணக்கு எழுதுகிறவன். எதிர்த்தரப்பிலிருந்து ஒருவன் பேசுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

350 ரூபாய் எங்களுக்குப் பெரிய தொகை அல்ல. வெடிக்கு அதைப்போல் நூறு மடங்கு செலவழிக்கிறோம். வரிதாரர் கூட்டத்தில் ஒருவரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் அடுத்த வருடம் பேரம் பேசும்போது, "காப்பீடும் நாங்கள்தானே தருகிறோம்" என்று சம்பளத்தில் 500 ரூபாய் குறைப்பார்கள். இது எனக்குத் தெரியும், ஏனென்றால் வேன் வாடகையைத் தனியாகத் தருவதாக ஒப்புக்கொண்ட வருடம் நாங்களே அப்படித்தான் செய்தோம்.

மற்றொன்றையும் பாருங்கள். பீடித் தீர்வை 2017இல் ஜிஎஸ்டி வந்ததோடு நின்றுபோனது. சட்டம் போட்டு வாங்கிய தீர்வையே நின்றுபோகும்போது, ஊர்க்கூட்டத்தின் நல்ல மனசை நம்பி ஆண்டு முழுவதும் அறுபடாமல் ஓட வேண்டிய ஒரு பாலிசியை எப்படி நடத்திக்கொண்டு போவீர்கள்? ஒரு வருடம் கொடை தடைபட்டால் என்ன ஆகும்? 2020இலும் 2021இலும் ஊரடங்கில் கொடையே இல்லாமல் போனதே.

பாளை கணக்கர் எழுதியது:

ஊர்க்கணக்கு அண்ணாச்சி சொல்வது வலிக்கிறது, ஆனால் உண்மை. சட்டப்படியும் ஒரு தடை இருக்கிறது: காப்பீடு வாங்குவதற்காகவே கூட்டிய கூட்டத்துக்குக் குழுப் பாலிசி தரக்கூடாது என்பது விதி. வேறு நோக்கத்துக்காக ஏற்கெனவே இயங்கும் பதிவுபெற்ற சங்கம் வேண்டும். நம் பகுதியில் அப்படிப்பட்ட சங்கங்கள் உண்டு. அவற்றில் எல்லோரும் உறுப்பினராக இல்லை என்பதுதான் குறை. குழுப் பாலிசியில் முதல் நாளிலிருந்தே பழைய நோய்க்கும் இழப்பீடு பேசி வாங்க முடியும். ஆகவே அந்த யோசனையைக் கைவிட வேண்டாம், அவசரப்படவும் வேண்டாம்.

முக்கூடல் கரகம் எழுதியது:

எனக்கு வேறொரு பயம். கொடைக் கணக்கில் எங்கள் பெயரும் தொகையும் எழுதி ஒரு சங்கத்துக்குப் போனால், அந்தத் தாளை வைத்தே வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டுகிறது என்று இலவச அட்டையைப் பிடுங்கிவிட மாட்டார்களா? 5 லட்சம் ரூபாய் அட்டையை விட்டுவிட்டு 1 லட்சம் ரூபாய் குழுப் பாலிசிக்குப் போவது புத்தியா? முதலில் இருக்கிற அட்டை எல்லோர் கைக்கும் வரட்டும். அது இலவசம், பழைய நோயையும் ஏற்கிறது, காத்திருப்பும் இல்லை. அதை வாங்காமல் புதிது தேடுவது, பத்தாயத்தில் நெல்லை வைத்துக்கொண்டு கடன் அரிசிக்குப் போகிற கதை.

கொக்கிரகுளம் எழுதியது:

அம்மா சொல்வதை நான் முழுமையாக ஏற்கிறேன். வில்லுப்பாட்டுக்காரரின் யோசனை நல்லது, ஆனால் அது வருமான வரம்புக்கு மேலே இருப்பவர்களுக்கு உரியது. கீழே இருப்பவர்களுக்குக் குறைவது பணம் இல்லை, தாளும் நாளும்தான். ஆகவே நாளைப் பற்றிப் பேசுவோம்.

புரட்டாசியில் கொடை மிகக் குறைவு. மார்கழியில் நாதஸ்வரக்காரர்களைத் தவிர மற்றவர்கள் வீட்டில் இருப்பார்கள். திருநெல்வேலியில் கலை பண்பாட்டுத் துறையின் மண்டல மையம் இருக்கிறது. வாரிய உறுப்பினர்களின் முகவரிகள் அரசிடமே உள்ளன. அந்த முகவரிகளுக்குக் கடிதம் போட்டு, புரட்டாசியில் ஒரு நாள், காப்பீட்டு மையத்தாரும் வட்ட வழங்கல் அலுவலகத்தாரும் வருவாய் ஆய்வாளரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்தால், பெயர் நீக்கம், வருமானச் சான்று, அட்டை மூன்றும் ஒரே நாளில் முடியும். அலுவலர்களை ஒரே இடத்தில் உட்கார வைக்க ஆட்சியரின் ஓர் உத்தரவு போதும். மனுவை நான் எழுதித் தருகிறேன். முப்பது ஆண்டு மனுக்களைப் படித்தவன், எது மேசைக்குப் போகும், எது கட்டுக்குள் போகும் என்று தெரியும். திங்கட்கிழமை குறைதீர் நாளில் பத்துப் பேராவது நேரில் வந்து நிற்க வேண்டும். வாத்தியத்தோடு வர வேண்டாம், புகைப்படக்காரர்கள் வந்துவிடுவார்கள், மனு பின்னால் போய்விடும்.

சங்கரன்கோவில், சுரண்டை, ஆலங்குளம் பகுதிக்காரர்கள் கவனிக்க வேண்டும். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆகிவிட்டதால் அவர்கள் தென்காசி ஆட்சியரிடம்தான் மனுக் கொடுக்க வேண்டும். பழைய நினைவில், திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம் இருக்கும் கொக்கிரகுளத்துக்கு வந்து ஒரு நாளைத் தொலைப்பவர்களை நான் இப்போதும் பேருந்து நிறுத்தத்தில் பார்க்கிறேன்.

ஊர்க்கணக்கு எழுதியது:

தென்காசி மனுவுக்கு என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் கோவில் சார்பில் இந்த வருடம் ஒன்று செய்யலாம்: வெற்றிலை வைக்கும்போது செட்டுக்காரரிடம், ஆட்களின் காப்பீட்டு அட்டை எண்ணை ஒரு தாளில் எழுதி வாங்கி, கணக்குப் புத்தகத்தில் வைத்துக்கொள்கிறோம். இரவில் ஏதாவது ஆனால் அந்தத் தாள் கையில் இருக்கும். அட்டை இல்லாதவர் யார் என்பதும் ஆறு மாதத்துக்கு முன்பே தெரிந்துவிடும். திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை பக்கத்தில் எது என்பதையும் அதிலேயே எழுதி வைப்போம். இதற்குச் செலவில்லை, ஆகவே பேரத்திலும் வராது.

தவில்வீடு எழுதியது:

அந்தத் தாளில் வேன் ஓட்டுநரின் பெயரையும் சேருங்கள், அண்ணாச்சி. அவரையும் எப்போதும் மறந்துவிடுகிறோம்.

வீசுகோல் எழுதியது:

திங்கட்கிழமைக்கு எங்கள் செட்டில் ஐந்து பேர் வருகிறோம். மகுடம் அண்ணாச்சியும் இருவரை அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

குடத்துக்கார அண்ணாச்சிக்கு நேற்று அட்டை வந்துவிட்டது. கொக்கிரகுளம் ஐயா சொன்னபடி வெள்ளைத்தாளில் நாற்பத்திரண்டு இரவு என்று எழுதிக் கொடுத்ததற்கு, அலுவலர் ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டாராம். வீட்டுக்கு வந்து பார்த்தால் அட்டையில் அவர் பெயரும் மகன் பெயரும் இருக்கின்றன, மனைவியின் பெயர் இல்லை. ஆதாரில் ஓர் எழுத்து வேறாக இருக்கிறதாம். அடுத்த வாரம் மறுபடியும் போக வேண்டும். வியாழக்கிழமை போகலாமா என்று கேட்டார், வெள்ளிக்கிழமை களக்காட்டில் ஒரு கொடை இருக்கிறது.